ஆயில்யமும் ஆற்று மணலும்

என் கனவில் நர்ஸம்மா வருவதற்கு முன்னால் அவருடைய நாய்கள் வந்துவிடும். வெள்ளை உடம்பு, முகத்தில் ஒரு கறுப்புத் திட்டு, முன்பக்கமாக மடிந்து விழுந்த காது. காவிரி மணலில் அவை சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அக்கரையில் ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம் பனியில் பாதி கரைந்து நிற்கும். பிறகு வெள்ளைப் புடவையும், தோளில் ஊக்கு குத்தித் தொங்கவிட்ட கடிகாரமுமாக அவர் வருவார். கடிகாரத்தைத் திருப்பிப் பார்ப்பார். மணி என்ன என்று சொல்வதற்குள் நான் விழித்துக்கொண்டு விடுவேன்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் மேலச்சிந்தாமணியில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நர்ஸம்மா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கோபம் வந்தால் நாய்க்காரி என்பார்கள். என் மாமியார் இரண்டும் சொல்லியிருக்கிறார். நான் நர்ஸம்மா என்றே எழுதுகிறேன்.

மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்து, பிறகு தனியாக வந்துவிட்டவர். கல்யாணம் ஆகவில்லை. ஆற்றங்கரை ஓரம் ஒரு சின்ன வீடு, சுற்றிலும் இடுப்புயரச் சுவர், முன்னால் ஒரு மரக் கேட். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பலகையில் 'ராக்வியூ' என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். பின்னால் திரும்பினால் மலைக்கோட்டை தெரியும் என்பதால் வீட்டுக்கு அந்தப் பெயர் என்று நினைத்திருந்தேன். அது நாய்களின் பெயர் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அந்த வீட்டில் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் அதுதான் குடும்பப் பெயர். வடக்கே எங்கோ நாய்களுக்கென்று இருக்கும் சங்கத்தில் அந்தப் பெயரை அவர் பதிவு செய்து வைத்திருந்தார்.

நாங்கள் ஸ்ரீரங்கத்துக்காரர்கள். என் அகத்துக்காரருக்குக் கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா வேலை. தினமும் பாலம் கடந்து போய்வர முடியவில்லை என்று இந்தக் கரைக்கு வாடகைக்கு வந்தோம். ரங்கநாதனை விட்டு வரமாட்டேன் என்று மாமியார் அழுதார். கொல்லையில் நின்றால் கோபுரம் தெரிகிறது என்று காட்டிச் சமாதானப்படுத்தினோம். பக்கத்து வீட்டில் நாய் இருப்பதை வீட்டுக்காரர் எங்களிடம் சொல்லவில்லை. முதல் நாள் மாமியார் மடிப் புடவையைக் கொடியில் உலர்த்தும்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு வெள்ளை முகங்கள் எட்டிப் பார்த்துக் குரைத்தன. மாமியார் புடவையை மறுபடி நனைத்தார். "குரைத்த காற்று பட்டால் மடி போய்விடும் என்று எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது அம்மா?" என்று அவர் பிள்ளை கேட்டார். அன்று அவருக்கு ரசம் கிடைக்கவில்லை.

எனக்குத் தாயார் இல்லை. புக்ககம் வந்த புதிது. பேச ஆளில்லாத மத்தியான வேளைகளில் அந்தச் சுவர் ஓரமாகப் போய் நிற்பேன். வாழைத்தோப்புகளின் மேல் வெயில் பால் போலத் தேங்கி நிற்கும். ஆற்றுக் காற்று வரும். நர்ஸம்மா மரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு நாயை மேஜைமேல் நிறுத்தி, பல்லைப் பார்ப்பார், தோளைத் தடவுவார், பாதத்தைத் தூக்கி விரல்களை எண்ணுவதுபோல் பிரித்துப் பார்ப்பார். கோயில் சிற்பத்தைப் பார்ப்பதுபோல அவ்வளவு பொறுமையாகப் பார்ப்பார்.

"என்ன பாக்கறேள் நர்ஸம்மா?"

"ஸ்டாண்டர்ட்னு ஒண்ணு இருக்கும்மா. காது இப்படி மடியணும், முதுகு இப்படி இருக்கணும், மேல்பல்லு கீழ்ப்பல்லு மேல கத்தரிக்கோல் மாதிரி உட்காரணும்னு எழுதி வச்சிருக்காங்க. இந்த நாய்ங்களுக்கு ஃபாக்ஸ் டெரியர்னு பேரு. அந்தப் பேரைச் சொல்லிக் குடுத்தா அது அதுவா இருக்கணும்ல?"

ஒரு ஜட்ஜ் துரைசானி சீமைக்குத் திரும்பும்போது, தனக்குப் பிரசவம் பார்த்த நர்ஸம்மாவிடம் ஒரு பெண் நாயை விட்டுப்போனாள். அதன் பேத்திதான் டச்சஸ். டச்சஸின் அக்கா ரோஸி. ரோஸிக்குக் கீழ்த்தாடை கொஞ்சம் முன்னால் நீண்டிருக்கும். மற்றபடி அழகு. அதற்குக் குட்டி எடுக்கவே இல்லை.

"பாவம், அதுக்கும் ஆசை இருக்காதா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அதுக்கு என்ன குறை? சாப்பிடுது, தூங்குது, என் கட்டில்ல ஏறிப் படுக்குது. என் செல்லமே அதுதான். அதுக்காக அந்தத் தாடையை இன்னும் நாலு பேருக்குக் குடுக்கணுமா?"

இதெல்லாம் நான் வந்து சொல்லும்போது மாமியார் காது கொடுக்காதவர் போலப் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார். ஆனால் ஒரு நாள் அவரே கேட்டார். "ஏண்டி, அதுகளுக்கு ஒரே கோத்திரத்துல பண்ணலாமோ?" நான் சுவரருகே ஓடிப்போய்க் கேட்டேன். நர்ஸம்மா சிரிக்கவில்லை. "அத்தை மாமன் உறவு வரைக்கும் சரிங்க. அண்ணன் தங்கை கூடாது. சில துரைமாருங்க செய்றாங்க, நான் செய்யமாட்டேன்" என்றார். அதைக் கேட்டு மாமியார், "பரவாயில்லை, ஆசாரம் தெரிஞ்சவதான்" என்று புளியை நகர்த்தி வைத்தார். ஏழு தலைமுறைச் சம்பந்தங்களை மூச்சு விடாமல் சொல்லக்கூடிய இருவர் ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் பேசாமலே இருந்தார்களே என்று எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

குட்டி கேட்டு வருகிறவர்களை மரத்தடியில் உட்காரவைத்துக் காபி கொடுப்பார். பார்ப்பதற்குப் பெண் பார்க்கும் வைபவம் மாதிரியே இருக்கும். கேள்வி கேட்பது மட்டும் இவர். "வீட்டுக்கு கேட் இருக்கா? பகல்ல யார் இருப்பாங்க? நாள் முழுக்கக் கட்டிப் போடுவீங்களா? மாத்தலாகிப் போனா என்ன செய்வீங்க?" புத்தூரிலிருந்து வந்த ஒரு வக்கீல், "நாயே காவலுக்குத்தானே அம்மா, அப்புறம் கேட் எதுக்கு?" என்று கேட்டார். "காபி ஆறிடும், சாப்பிடுங்க" என்றார் நர்ஸம்மா. வக்கீல் காபியோடு போனார். இடம் பார்த்து வைத்த பிறகுதான் குட்டி எடுப்பார். குட்டிகளை வைத்துக்கொண்டு இடம் தேடமாட்டார். கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒன்று சொல்வார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும்.

"ஒத்து வரலைன்னா யாருக்கும் குடுத்துடாதீங்க, எங்கேயும் விட்டுடாதீங்க. எங்கிட்டயே திரும்பக் கொண்டு வந்துடுங்க. எந்த நேரமானாலும் சரி, ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்."

அப்படி ஒன்று திரும்பி வந்ததை நான் பார்த்தேன். மழைத் தூறலில் ரயிலில் கார்டு வேலை பார்க்கும் ஒருவர் குடையும் நாயுமாக வந்து கேட்டில் நின்றார். சம்சாரத்துக்கு மூச்சிரைப்பு, நாய் ரோமம் ஆகவில்லை என்று சொல்லத் தொடங்கினார். நர்ஸம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். நாயைத் துண்டால் துவட்டினார். அவருக்கும் காபி கொடுத்து அனுப்பினார். அவர் போனதும் நாய் கேட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. நர்ஸம்மாவும் அதன் பக்கத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்து கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூறல் நின்று, ஆற்றுக்கு மேலே வெளிச்சம் மஞ்சளாகி, மங்கி, விளக்கு வைக்கும் நேரமாகியும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. அந்தக் காட்சியை நான் எத்தனையோ தடவை கனவிலும் கண்டுவிட்டதால் நேரில் எவ்வளவு பார்த்தேன் என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவர் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஒரு தரம் துணிந்து கேட்டேன். "கேட்டவங்க வீட்டுல கேட் இல்லம்மா" என்றார். அவர் விளையாட்டாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

டச்சஸின் மேல் அவருக்கு ஒரு பெரிய ஆசை இருந்தது. அதற்கு வயதாகிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு ஈற்று, அதில் தகுந்த ஒரு பெண் குட்டி கிடைத்தால் போதும், ராக்வியூ வம்சம் நிலைத்துவிடும். அந்தக் குட்டியைச் சென்னையில் நடக்கும் நாய்க் கண்காட்சிக்கு அழைத்துப்போய் போட்டி வட்டத்தில் நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சீமைத் துரைமார்களின் நாய்களுக்கு நடுவே சிந்தாமணி நாய். அதற்காகவே ஒரு நீலக் கரைப் புடவை பெட்டியில் கட்டாமல் இருந்தது. ஆனால் டச்சஸுக்கு ஈடான ஆண் நாய் இந்த ஜில்லாவிலேயே இல்லை என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் பொன்மலைக்கு மாற்றலாகி வந்த ரயில்வே துரை ஒருவர் பெங்களூரில் பரிசு வாங்கிய நாயோடு வந்து சேர்ந்தார். அதன் பல்லையும் தோளையும் பார்த்துவிட்டு வந்த அன்று நர்ஸம்மா சுவருக்கு மேலாக எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். அப்போது எனக்கு மாதம் ஏறியிருந்தது.

துரை நாயோடு டச்சஸைச் சேர்த்தார்கள். அந்தச் சில நாட்கள் பெண் நாயை வாசல் தாண்ட விடக்கூடாது. இன்னொரு நாயோடு சேர்ந்துவிட்டால் அதன் குட்டிகளும் அதே வயிற்றில் தங்கிவிடும் என்பார் நர்ஸம்மா. தெருநாய்கள் கேட்டுக்கு வெளியே வந்து படுத்துக்கிடந்தன. கொக்கியை ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

அந்த நாட்களில் ஒரு பிற்பகலில்தான் எனக்கு வலி கண்டது. நினைத்ததைவிடச் சீக்கிரமாக, நினைத்ததைவிடப் பலமாக. அகத்துக்காரர் கச்சேரியில். மாமியார் கொல்லைக்கு ஓடினார். அதுவரை அந்தச் சுவருக்கு மேலாக ஒரு வார்த்தை பேசாதவர், "நர்ஸம்மா! சித்த ஓடி வாங்கோ! குழந்தை வலி தாங்கமாட்டா!" என்று கத்தியது எனக்கு அறைக்குள் கேட்டது. செருப்புகூடப் போடாமல் நர்ஸம்மா வந்து நின்றார். அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பதெல்லாம் அவருடைய கை, டெட்டால் வாசனை, ஜன்னல் வழியாகச் சுவரில் விழுந்து மெல்ல மெல்ல மேலே ஏறிய சிவப்பு வெயில். அது உத்தரத்தைத் தொடும்போது குழந்தை அழுதது.

"பொண்ணு" என்றார். கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்து மணியைச் சொன்னார். கதவருகே மாமியார் பஞ்சாங்கத்தோடு நின்றிருந்தார். அவர் விரல் ஒரு வரியில் போய் நின்றது. அவர் முகம் வெளுத்தது.

ஆயில்யம். ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். அந்த ஜாதகத்தைப் பிள்ளை வீட்டார் கையில் வாங்கக்கூட மாட்டார்கள். அடுத்த நட்சத்திரம் மகம், அது ராஜயோகம். அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் ஆயில்யம் முடிந்து மகம் பிறந்தது. என் பெண் விளக்கு வைப்பதற்கு முன்னால் வந்துவிட்டாள்.

என் மாமியார் பொய் சொல்லாதவர். தன் வாயால் சொல்லமாட்டார். ஆனால் வேறொருவர் சொன்னால் அதை மறுத்துப் பேசவும் மாட்டார். மறுநாள் காலையில் குழந்தையைக் குளிப்பாட்ட வந்த நர்ஸம்மாவைக் கொல்லைப்புறத்திலேயே நிறுத்தினார்.

"ஜோசியருக்கு நேரம் சொல்லி அனுப்பணும். விளக்கு வெச்சப்புறம்னு சொல்லுங்கோ. உங்க வாயால ஒரு வார்த்தை."

"விளக்கு வைக்கலீங்களே மாமி."

"கடிகாரம் முந்தி ஓடியிருக்கப்படாதா?"

"தினமும் கோட்டை ஸ்டேஷன் கடிகாரத்தோட ஒத்துப் பாக்குறேங்க."

"உங்களுக்கு இதுல என்ன நஷ்டம்? ஒரு பொண்ணு வாழ்க்கை!"

நர்ஸம்மா தோள் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "என் கையில வந்த குழந்தை மாமி. நான் அதுக்கு முதல்ல குடுக்குறதே அந்த நேரத்தைத்தான். அதைப் பொய்யாக் குடுக்கச் சொல்றீங்களே."

மாமியார் வாசல் பக்கம் போய்விட்டார். அன்றிலிருந்து மறுபடியும் நாய்க்காரி. எனக்கும் கோபம்தான். பெற்றவள் நான். ஊரில் எத்தனை ஜாதகம் இப்படி முன்னே பின்னே எழுதப்படுகிறது! இந்த அம்மாளுக்கு மட்டும் என்ன பெரிய சத்தியம் என்று மனசுக்குள் திட்டினேன். அவரோ நீட்டிய கால்களின் மேல் குழந்தையைப் போட்டு வெந்நீர் ஊற்றிக்கொண்டே, யாருக்கோ நடந்ததுபோல மெதுவாகச் சொன்னார்.

"நேத்து இங்க ஓடி வந்தப்ப கொக்கி போடாம வந்துட்டேம்மா. திரும்பிப் போறேன், கேட் திறந்து கெடக்கு. டச்சஸ் வராந்தாவுலதான் படுத்திருந்துச்சு."

"அப்போ எங்கேயும் போகலை. வீட்டிலேயே இருந்திருக்கு."

"கால்ல ஆத்து மணல் ஒட்டியிருந்துச்சு. ஈர மணல்."

எனக்குச் சட்டென்று கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "என்னாலதானே நர்ஸம்மா" என்றேன்.

"உங்களால என்ன? உங்க பொண்ணு வர்ற நேரத்துக்கு வந்துச்சு. கொக்கி போடுறது என் வேலை" என்று குழந்தையின் மூக்கை நீவிவிட்டார்.

ஜாதகம் எழுதுவது தள்ளிப் போயிற்று. குழந்தைக்குத் தொட்டில் போட்டாயிற்று, பெயர் வைத்தாயிற்று, ஜோசியரிடம் போகும் பேச்சை மட்டும் மாமியார் எடுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் டச்சஸின் வயிறு இறங்கிக்கொண்டு வந்தது. பிரசவம் கஷ்டமாகிவிட்டது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து உதவித்தான் தாய் பிழைத்தது. இனி அதற்குக் குட்டி எடுப்பதில்லை என்று நர்ஸம்மா அன்றே சொல்லிவிட்டார். நான்கு குட்டிகள். மூன்று ஆண், ஒரு பெண்.

கண் திறந்து, காது மடிந்து, தள்ளாடி நடக்க ஆரம்பித்தபோது நானே பார்த்தேன். வெள்ளையும் கறுப்புத் திட்டும், அச்சில் வார்த்த மாதிரி நான்கு. அந்தப் பெண் குட்டியை மேஜைமேல் நிறுத்தி நர்ஸம்மா நீண்ட நேரம் பார்ப்பார். தொடமாட்டார். பார்த்துக்கொண்டே இருப்பார். இத்தனை வருஷம் மனசில் வரைந்து வைத்திருந்த நாய் எதிரில் வந்து நிற்கிறதே என்று அவர் முகம் சொல்லும்.

ஒரு காலையில் துரையின் கார் வந்தது. ஆண் நாய்க்குச் சொந்தக்காரர் ஈற்றில் முதல் குட்டியைப் பொறுக்கிக்கொள்வது அவர்கள் வழக்கம். பதிவுத் தாளையும் கொண்டுவந்திருந்தார். தகப்பன் இந்த நாய்தான் என்று அவர் கையெழுத்துப் போட்டாயிற்று. வேறு நாய் எதுவும் சேரவில்லை என்று தாய்க்குச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரருகே நின்றேன். வடாம் காயவைக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு மாமியாரும் வந்து நின்றார். கையில் வடாம் மாவு இல்லை.

இருவரும் இங்கிலீஷில் பேசினார்கள். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தவள்.

"என்னடி சொல்றான்?"

"நாலும் தன் நாயை உரிச்சு வெச்ச மாதிரி இருக்காம். கையெழுத்துப் போடச் சொல்றார்."

"அவ?"

"கேட் திறந்து கிடந்ததைச் சொல்றா. மணலைச் சொல்றா."

துரை சிரித்தார். ஒரு நாய் ஆற்றில் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரக்கூடாதா என்றார். யாராவது பார்த்தார்களா என்றார். பார்க்கவில்லை, அதனால்தான் என்றார் நர்ஸம்மா. நான்கும் உங்கள் நாயுடையதாக இருக்கலாம், மூன்றாக இருக்கலாம், எனக்குத் தெரியாது. நாளைக்கு இதன் பேரக்குட்டியை வாங்குகிறவர் இந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தானே வாங்குவார் என்றார். துரையின் குரல் உயர்ந்தது.

"இப்போ என்ன?"

"இதை விட்டா ராக்வியூங்கிற பேரே இல்லாம போயிடும், உனக்கு அது தெரியுமாங்கறார்."

"அவளுக்குத் தெரியாதா! அதுக்கு என்ன சொல்றா?"

நர்ஸம்மா பதிவுத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா மேஜைமேல் இருந்தது. பெண் குட்டி அதை முகர்ந்து பார்த்து உருட்டியது. நர்ஸம்மா குனிந்து பேனாவை எடுத்தார். என் மாமியார் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். போட்டுவிடேன் என்று எனக்கும் வாய்வரை வந்தது. நர்ஸம்மா பேனாவின் மூடியைத் திருகிச் சரியாக மூடி, துரையின் பக்கம் நீட்டினார்.

கார் போன பிறகும் புழுதி அடங்க நேரமாயிற்று. நர்ஸம்மா குட்டியை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அழுதார். வாயைத் திறந்து, சத்தம் வராமல், குழந்தைகள் அழுவதுபோல அழுதார். அதற்குப் பிறகு மாமியார் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சுவர்மேல் இரண்டு கையையும் ஊன்றி, நாய் தொட்ட அந்தச் சுவரில், குனிந்து கேட்டார்.

"எல்லாம் போயிடுத்தா நர்ஸம்மா?"

நர்ஸம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எதும் போகல மாமி. நாய்ங்க இருக்கு. பேருதான் இல்ல."

அன்று சாயங்காலம் அகத்துக்காரர் கச்சேரியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் மாமியார் சொல்லிவிட்டார். "நாளைக்கு ஸ்ரீரங்கம் போய் ஜோசியரைப் பாரு. விளக்கு வெக்கறதுக்கு முன்னாடின்னே சொல்லு. ஆயில்யம்னே எழுதட்டும். வரவா வரட்டும்."

நான் அடுக்களையில் நின்று கேட்டேன். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயமாக இருந்தது. கூடவே, சொன்னால் விநோதமாக இருக்கும், முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது.

ஆண் குட்டிகள் மூன்றும் நல்ல இடங்களுக்குப் போயின. ஒன்று மண்ணச்சநல்லூர் அரிசி மில்லுக்கு எலி பிடிக்கப் போயிற்று. கேட்டு வந்தவர்களிடமெல்லாம் நர்ஸம்மா முதலிலேயே சொன்னார்: "இதுக்குப் பேப்பர் கிடையாதுங்க. கேட்டைச் சாத்தாம போனது நான்தான்." கேள்விகளிலோ திரும்பக் கொண்டு வந்துடுங்க என்கிற அந்தக் கடைசி வார்த்தையிலோ எதையும் குறைக்கவில்லை. பெண் குட்டியைத் தானே வைத்துக்கொண்டார். அதற்குக் குட்டி எடுக்கவில்லை. என் பெண் அதன் காதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப் பழகினாள். தகரப் பலகை எப்போது இறங்கியது என்று நான் கவனிக்கவில்லை.

யுத்தம் வந்த காலத்தில் நர்ஸம்மா காய்ச்சலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. ஊரிலிருந்து உறவினர் வந்து சாமான்களைக் கட்டினார்கள். அந்த நீலக் கரைப் புடவை மடிப்புக் கலையாமல் இருந்தது. அந்தப் பெண் குட்டி, இப்போது கிழ நாய், கேட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அதை என்ன செய்வதென்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது மாமியார் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து, "இங்கே அனுப்புங்கோ" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, "கொட்டில்ல இருக்கட்டும். மடிக் கொடிப் பக்கம் வரப்படாது, சொல்லிட்டேன்" என்றார். அது வந்தது. கொடியின் கீழேதான் படுத்தது.

என் பெண்ணின் ஜாதகத்தைப் பல வீடுகள் திருப்பி அனுப்பின. சில வீடுகள் மஞ்சள் தடவிய மூலையைக்கூடத் தொடவில்லை. அப்போதெல்லாம் நர்ஸம்மாவை நான் மனசார நொந்துகொண்டதுண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். கடைசியில் ஜீயபுரத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, "ஆயில்யம்னு தைரியமா எழுதியிருக்கேளே, அப்போ மத்ததும் நெஜமாத்தான் இருக்கும்" என்றாள். "எனக்கு நாள் வந்தா நான் போறேன். அதுக்கு இந்தக் குழந்தையைச் சொல்லுவானேன்?" என்று தட்டை மாற்றிக்கொண்டாள்.

கல்யாணம் முடிந்து பெண்ணைக் கொண்டுவிடும் நாள். வாசல் கேட்டுக்கு வெளியே வண்டி நின்றது. இப்படிப்பட்ட நேரத்தில் பெண்ணைப் பெற்றவள் சொல்ல வேண்டியது எனக்கும் தெரியும். இனி அவள் உங்கள் பெண், அடிக்கலாம் அணைக்கலாம் என்று சொல்ல வேண்டும். சம்பந்தியம்மாள் கையில் என் பெண்ணின் கையை வைத்தேன். மாலை வெயில் சுவரில் சிவப்பாக ஏறிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் வேறு குரல் வந்தது.

"ஒத்து வரலைன்னா எங்கேயும் விட்டுடாதீங்கோ. எங்கிட்டயே திரும்பக் கொண்டு வந்துடுங்கோ. எந்த நேரமானாலும் சரி, ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்."

வாசலில் எல்லோரும் அப்படியே நின்றார்கள். அகத்துக்காரர் என்னைப் பார்த்தார். அபசகுனமாக ஏதோ நடந்துவிட்டதுபோல யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். என் பின்னால், கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற என் கிழ மாமியார் சொன்னார்:

"ஆமாம். கேட்டுக்குக் கொக்கி போடமாட்டோம்."